ஜார்ஜும் இராமசாமியும்

பினாங்கு நகரத்தில் பினாங்கு ஸ்திரீட் என்றொரு தெருவும் பினாங்கு ரோடு என்றொரு சாலையும் உண்டு. முன்னது நம்மவருடைய துணிக்கடைகளும் மளிகைக் கடைகளும் நெருங்கிய பகுதியிலே உள்ளது; பின்னது சௌராஸ்தா சந்தைப் பக்கமாகச் செல்வது. தீபாவளிக்குத் துணி எடுப்பதற்காகத் தோட்டங்களிலிருந்து வருவோர் ஒன்றைக் கேட்டு மற்றொன்றிற்குப் போய்ச் சேர்ந்து, வெயிலில் மூட்டையோடு திரும்பி நடப்பது இன்றும் காணக்கூடியதே. இதனால் விளையும் துன்பம் கால் நோவோடு தீர்ந்துபோம். ஆனால், ஒரே பெயர் பல இடங்களுக்கும் பல ஆட்களுக்கும் அமைந்துவிட்டதனால் சரித்திரத்தில் ஏற்பட்டுள்ள மயக்கங்கள் அவ்வளவு எளிதில் தீர்வன அல்ல. யாருடைய பெயரை, யார் மீது, யார் வைத்தார் என்று வினவிக்கொண்டு போனால், அரசர் கதையில் தொடங்கி நம்முடைய கதையிலே வந்து நிற்க நேரிடுகின்றது.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11ஆம் நாள் காப்டன் பிரான்சிஸ் லைட் என்பார் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பேரால் இத்தீவில் கொடியேற்றினார். மறுநாள் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசருக்குப் பிறந்தநாள். ஆதலின் தீவுக்கு 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று பெயரிட்டார். தீவில் எழுந்த நகருக்கோ, அப்பொழுது அரசு வீற்றிருந்த மூன்றாம் ஜார்ஜின் பெயர் சூட்டப்பட்டது. அவ்விளவரசர் பெயரும் ஜார்ஜே. பின்னாளில் நான்காம் ஜார்ஜாக முடிசூடியவர் அவர்தாம். எனவே மகன் தீவாகவும், தந்தை அத்தீவின்மேல் நகராகவும் அமைந்துவிட்டனர். அரண்மனையில் ஒருவரோடொருவர் ஒட்டாமல் வாழ்ந்த தந்தையும் மகனும் இங்கே ஒருவர் மடியில் ஒருவர் அமர வேண்டியதாயிற்று. இவ்விருவரும் போதாவென்று, 1818இல் பார்க்குவார் ஸ்திரீட்டில் கட்டி முடிக்கப்பெற்ற ஆங்கிலத் திருச்சபைக் கோயிலுக்குப் புனிதர் ஜார்ஜின் பெயரை வைத்தார்கள். மூவருள் ஒருவரேனும் இம்மண்ணில் கால் வைத்தவரல்லர். இவ்வளவு செய்தும், மலாய் மக்கள் நகரைத் 'தஞ்சோங்' என்றே வழங்கினர். நாமும் பினாங்கு என்பதை விட்டோமில்லை. பாக்கு என்று பொருள்படும் மலாய்ச் சொல் இளவரசரை எளிதில் வென்றுவிட்டது.

சென்னையிலும் ஒரு ஜார்ஜ் டவுன் உண்டு. அங்குள்ள கோட்டைக்குப் பெயர் தந்தவர் புனிதர் ஜார்ஜ். கோட்டைக்கு வடக்கே நம் மக்கள் வாழ்ந்த பகுதியைக் கம்பெனியார் 'பிளாக் டவுன்', அதாவது கறுப்பர் பட்டணம், என்று வழங்கினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் அவ்விழிபெயர் நீங்கி, ஐந்தாம் ஜார்ஜின் பேரால் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. தென்னமெரிக்காவில் டெமராரா ஆறு கடலோடு கூடுமிடத்தில் இன்னொரு ஜார்ஜ் டவுன் இருக்கின்றது; இந்நாளில் கயானா நாட்டின் தலைநகரம் அதுவே. ஒல்லாந்தர் வைத்த ஸ்டாப்ரூக் என்னும் பெயரை மாற்றி, 1812இல் ஆங்கிலேயர் அதற்கு நம் பினாங்கு ஜார்ஜின் பெயரையே இட்டனர். அந்நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு 1838 முதல் 1917 வரை இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். சென்னையில் கப்பலேறிய தமிழரும் அவர்களுள் உளர். அண்ணன் சென்னையில் கப்பலேறி மேற்கே ஒரு ஜார்ஜ் டவுனில் இறங்க, தம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கிழக்கே மற்றொரு ஜார்ஜ் டவுனில் இறங்கியிருத்தல் கூடும். இரண்டிடத்தும் அவர்களை எதிர்கொண்டது கரும்பே. பினாங்குக்கு எதிர்க்கரையில் ரப்பர் வருவதற்கு முன்னர்த் தமிழர் வியர்வை சிந்தியது சர்க்கரைத் தோட்டங்களிலேதான்.

அவ்வெதிர்க்கரையின் பெயரிலும் ஒரு மயக்கம் உண்டு. இன்று செபராங் பிறை எனப்படும் அந்நிலப் பகுதியை 1800இல் கம்பெனியார் கெடா சுல்தானிடமிருந்து பெற்றுப் 'புரோவின்ஸ் வெல்லெஸ்லி' என்று அழைத்தனர். வெல்லெஸ்லி என்றதும், 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை முறியடித்த ஆர்தர் வெல்லெஸ்லியே பலருக்கும் நினைவுக்கு வருகின்றார். அவர் 1797இல் படையோடு பினாங்கிலே சில காலம் தங்கியவருமாவார். ஆகவே மயக்கம் வலுக்கின்றது. பெயர் அவருடையதன்று. அவர் தமையனாரும் அந்நாளைக் கவர்னர் ஜெனரலுமாகிய ரிச்சர்டு வெல்லெஸ்லியினுடையது. வந்து தங்கிய தம்பியை விட்டு, கல்கத்தாவில் அதிகாரம் செலுத்திய தமையனாருக்கு ஒரு மாகாணம் வாய்த்தது. பார்க்குவார் ஸ்திரீட்டும் இத்தகையதே. சிங்கப்பூரில் 1819 முதல் 1823 வரை முதல் ரெசிடெண்டாயிருந்த வில்லியம் பார்க்குவாரை இத்தெருவிற்கு உரியவராகக் கருதுவோர் உளர். 1804, 1805ஆம் ஆண்டுகளில் பினாங்கை ஆண்டு, பின்னர் மொரீசியசு தீவுக்குக் கவர்னராகச் சென்ற இராபர்ட்டு டவுன்செண்டு பார்க்குவார் என்னும் வேறொருவரின் நினைவு அது. லைட் துரையின் நிலை இவற்றினும் விந்தையானது. அவருக்கு 1936இல் சிலை எடுத்தபொழுது, அவர் உருவப்படம் ஒன்றும் அகப்படாமையால், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை வகுத்த அவர் மகன் வில்லியம் லைட்டின் முகத்தையே மாதிரியாகக் கொண்டனர் என்பர். கார்ன்வாலிஸ் கோட்டையில் அச்சிலையைக் காண்போர் தந்தையின் பெயரைப் படித்து மகனின் முகத்தைப் பார்க்கின்றனர்.

வென்ற நாட்டில் தம் பெயரை நாட்டுவது வெள்ளையர்க்கே உரிய செருக்கு என்று நாம் நகைத்துவிடல் ஆகாது. முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்திக் கடாரத்தை வென்று, 'கடாரங்கொண்டான்' என்னும் விருதைத் தரித்தான். கடாரம் என்பது இக்காலத்துக் கெடாவே என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்கை. பினாங்குத் தீவும் 1786 வரை கெடா சுல்தானுக்கு உரியதே. திருவாரூரை அடுத்துக் கிடாரங்கொண்டான் என்று ஓர் ஊர் இன்றும் இருக்கின்றது. திரு.வி.க.வின் பெயர் தாங்கிய அரசினர் கலைக் கல்லூரி அமைந்திருப்பது அவ்வூரில்தான். அங்கே பேருந்துக்குச் சீட்டு வாங்கும் மாணவன், தான் அறியாமலே கெடாவின் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்குகின்றான். ஜார்ஜின் பெயர் இங்கு வருவதற்கு 760 ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டின் பெயர் சோழநாட்டுக்குச் சென்றுவிட்டது என்பது மேடையில் சொன்னால் கைதட்டல் பெறும் செய்தி. எனக்கோ அதன் ஈற்றில் உள்ள 'கொண்டான்' என்னும் சொல் உறுத்துகின்றது. கொள்ளப்பட்டவர் என்ன நினைத்தனர் என்பதை விருதுப் பெயர் நமக்குச் சொல்லவில்லை. லைட் துரையின் கொடிக்கும் சோழனின் விருதுக்கும் இவ்வகையில் வேற்றுமை சிறிதே.

அரசர் ஆணையின்றி வந்த பெயர்களும் உள்ளன. சூலியா ஸ்திரீட்டும் கிங் ஸ்திரீட்டும் கூடும் முனையில் நாகூர் தர்கா நிற்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. சிங்கப்பூரில் தெலோக் ஆயர் ஸ்திரீட்டிலும் 1828க்கும் 1830க்கும் இடையில் ஒரு நாகூர் தர்கா கட்டப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது தஞ்சைக் கடற்கரை நாகூரிலேதான். மற்ற இரண்டிடத்தும் நினைவு மட்டுமே உண்டு. பாய்மரக் கப்பலில் பல வாரம் கடலில் கிடந்து உயிரோடு கரை சேர்ந்த மரைக்காயர்களும் மாலுமிகளும் தம்மோடு கொண்டுவந்த பெயர் அது. தர்காவில் வேண்டுதல் செய்வது அறிவுக்குப் பொருந்துமா என்பதைப் பகுத்தறிவாளர் வேறோரிடத்தில் வாதிட்டுக்கொள்ளட்டும். ஒரு நாகூர் மூன்றாகப் பெருகியதற்குக் கவர்னர் எவரும் முத்திரை வைக்கவில்லை என்பதே இங்கே நான் சொல்ல வந்தது. இந்நகரில் நாகூர் ரோடு என்று ஒரு சாலைக்கும் அப்பெயர் ஏறிற்று; நாகூர் மீரான், நாகூர் கனி என்று ஊர்ப்பெயர் ஆட்பெயராகவும் ஆயிற்று.

தர்கா நிற்கும் தெருவின் பெயராகிய சூலியா என்பது தமிழ் முஸ்லிம் வணிகரைக் குறித்த சொல். சோழம் என்பதன் திரிபு என்பர். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் உள்ளது. 1801இல் அதனை நிறுவிய காதர் முகைதீன் என்பார் இங்கு வாழ்ந்த தென்னிந்தியர்க்குத் தலைவராகக் கம்பெனியாரால் ஏற்கப்பட்டவர். அப்பதவிக்கே கப்பித்தான் கெலிங் என்று பெயர். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரினின்று பிறந்த 'கெலிங்' தொடக்கத்தில் இழிசொல்லன்று. தெலுங்கர், தமிழர், இந்து, முஸ்லிம் என்ற பாகுபாடின்றிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த அனைவருக்கும் அதுவே பெயராயிருந்தது. நம்மவர் கூலிகளாகக் கூட்டங் கூட்டமாக வந்திறங்கிய காலத்தில் அது வசையாகத் திரிந்தது. சிங்கப்பூரில் கிளிங் ஸ்திரீட் என்றிருந்த தெருவின் பெயரை, இந்தியர் மனம் புண்படுவதை உணர்ந்து, 1921இல் நகராட்சியார் சூலியா ஸ்திரீட் என்று மாற்றினர். ஆகவே இன்று இரு நகரத்திலும் சூலியா ஸ்திரீட் உண்டு. பினாங்கினது பழைய வழக்கால் வந்தது. சிங்கப்பூரினது மானங் கருதிப் பெற்றது. இதற்கு நேர்மாறாக, இங்கிலாந்தின் மந்திரி ஒருவர் பெயரால் பிட் ஸ்திரீட் எனப்பட்ட நம் தெருவொன்று இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை ஆகியிருக்கின்றது. அங்கே தெருப்பலகையினின்று இறக்கப்பட்ட சொல் இங்கே தெருப்பலகையில் ஏற்றப்பட்டுள்ளது. இரண்டும் தக்கனவே என்பது என் எண்ணம். காதர் முகைதீனின் பதவியோடு வரும்பொழுது அச்சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கின்றது. சந்தையில் ஒருவன் முகத்தில் வீசப்படும்பொழுது இல்லை.

நாமும் இவ்வகையில் குறைந்தவரல்லேம். பிராங்கு என்னும் ஐரோப்பிய இனப்பெயர் அராபியர், பாரசீகர் வாயிலாக வந்து நம் நாவில் பரங்கியாயிற்று. போர்த்துகீசியன், ஒல்லாந்தன் என்ற வேறுபாட்டைப் பாராமல் எல்லாரையும் அதனுள் அடைத்தோம். சென்னைக்கருகே பரங்கிமலை, சிதம்பரத்தை அடுத்துப் பரங்கிப்பேட்டை, இத்தீவின் வடகரையில் பத்து பெரிங்கி ஆகிய மூன்றும் அச்சொல்லின் பிள்ளைகளே. அத்தோடும் அமையாமல் பூசணி வகையொன்றிற்கும் அப்பெயரைக் கொடுத்துக் குழம்பு வைத்தோம்.

பரங்கியர் நமக்குத் தந்த பொதுப்பெயர் இராமசாமி. 1886இல் யூல், பர்னல் என்னும் இருவர் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதியில் இச்சொல் தனித் தலைப்புப் பெற்றுள்ளது. தென்னாட்டு இந்துக்களுக்கெல்லாம் இது பொதுப்பெயராக வழங்கும் என்று எழுதிவிட்டு, சுருட்டுப் பற்றவைக்கும் முறுக்குப் பஞ்சுத் திரிக்கும் சென்னைப் பக்கத்தில் இதே பெயர் உண்டு என்று சேர்த்திருக்கின்றனர். நெருப்புக்கு உதவும் திரிக்கும் வேலைக்கு உதவும் மனிதனுக்கும் ஒரு பெயர்! இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டத் துரைமார் வாயில் அச்சொல் தாராளமாகப் புரண்டது. ஆளின் முகத்தைப் பாராமலே அழைப்பதற்கு அது வசதியாயிருந்தது போலும். கிராணி உத்தியோகத்தில் இருப்பவர், பழைய செக்ரோல் புத்தகத்தைப் புரட்டினால், ஒரே பக்கத்தில் நான்கு இராமசாமி, மூன்று முனியாண்டி, ஐந்து மாரியம்மாள் இருக்கக் காண்பர். எண் ஒன்றே அங்கு ஆளைக் காட்டும். லயத்து மக்களுக்கு எண் வேண்டியிருக்கவில்லை. குட்டை இராமசாமி, கோழிக்கார இராமசாமி, மூன்றாம் லயத்து இராமசாமி என்று அவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிந்திருந்தனர். அவ்வடைமொழிகளைச் செக்ரோலில் ஏற்ற இடமில்லை.

1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே சாதிப் பட்டத்தை ஒட்டுவதை விட்டொழிக்க வேண்டுமென்று தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவ்வியக்கத் தலைவர் கப்பலில் வந்து பினாங்கில் இறங்கினார். நாயக்கர் என்னும் பட்டத்தை முன்னரே துறந்துவிட்ட அவர் பெயரில் எஞ்சியிருந்தது ஈ.வெ. இராமசாமி. துரைமார் திரியோடு சேர்த்துச் சொன்ன அதே பெயர். செக்ரோலில் நான்கு முறை வரும் அதே பெயர். தோட்டத்திலிருந்து அவர் பேச்சைக் கேட்கப் போனவருள் எத்தனை இராமசாமிகள் இருந்தனரோ! அவர்கள் அன்றிரவு லயத்துக்குத் திரும்புகையில் தம் பெயரைச் சற்று வேறாக எண்ணியிருப்பர் என்றே நினைக்கின்றேன். சாதிப் பட்டத்தை நீக்கினால் ஒரே பெயருடையார் பெருகி ஆள் தெரியாமற் போவார் என்று வாதிப்போர் இன்றும் உளர். இந்நாட்டு அடையாளச் சீட்டில் தந்தை பெயர் எழுதப்படுகின்றதே, அது போதாதா? பின்வந்த தலைமுறையில் முனியாண்டியும் மாரியம்மாளும் குறைந்து, அறிவழகனும் தமிழ்ச்செல்வியும் மிகுந்தனர். இப்பொழுது தமிழ்ச்செல்விகள் மூவர் ஒரே பக்கத்தில் வருகின்றனர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். ஆயினும் அப்பெயரைத் தேர்ந்து வைத்தவர் அவரவர் தந்தையும் தாயுமே.

இந்நகரின் லீத் ஸ்திரீட்டில் 1803இல் எழுந்த பள்ளிவாசலுக்கு வங்காளிப் பள்ளிவாசல் என்று பெயர். வங்கத்திலிருந்து வந்தோரைக் குறித்த பெயர் அது. பின்னர்ப் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர், கல்கத்தாவில் கப்பலேறினர் என்ற ஒரே காரணத்தால், மலாய்க்காரராலும் நம்மவராலும் வங்காளி என்றே அழைக்கப்பட்டனர்; அவர்கள் வருந்துவது தெரிந்தும் அவ்வழக்கம் முற்றும் ஒழிந்தபாடில்லை. இக்காலத்தில் தோட்டங்களில் மெய்யாகவே வங்கமொழி பேசும் வங்காளதேசத்தார் பலர் வேலை செய்கின்றனர். பேரேட்டில் அவர்களுள் பாதிப்பேர் முகம்மது என்றே தொடங்குகின்றனர். ஆயினும் தந்தை பெயர், ஊர், பாஸ்போர்ட்டு எண் யாவும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே என் கையால் எழுதப்பட்டுள்ளன. காலைப் பெரட்டில் தமிழராகிய மண்டோர் அப்பேரேட்டைத் திறப்பதில்லை. "ஏ, பங்களா!" என்று ஒரு குரல் கொடுக்கின்றார். பத்துப் பேர் திரும்பிப் பார்க்கின்றனர்.