பத்துத் துவரும் கூந்தல் நலமும்

சீர்காழிக்குத் தென்கிழக்கே, காவிரி கடலொடு கலக்குமிடத்தமைந்த புகார் நகரில் மாதவி தன் கூந்தலைக் கழுவிய முறையைச் சிலப்பதிகாரக் கடலாடு காதை கூறுகின்றது. பத்துத் துவரும், ஐந்து விரையும், முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீர் அது. உ. வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த அடியார்க்குநல்லார் உரை அத்துவர்களை எண்ணிக் காட்டுகின்றது: பூவந்தி, கடுக்காய், தான்றி, நெல்லி, கருங்காலி, நாவல், ஆல், அரசு, அத்தி, இத்தி.

இவற்றை முடி வளர்க்கும் மருந்தெனக் கொள்வாரும் உளர். அது பொருந்துவதன்று. பூவந்தி நுரைத்து அழுக்கையும் எண்ணெய்ப்பசையையும் நீக்கும். ஏனைய ஒன்பதும் துவர்ப்பு மிக்கவை. தோல் பதனிடுவோர் கடுக்காயை நாடுவதும் அத்துவர்ப்புக் கருதியே. விரைகள் மணத்தின் பொருட்டாயின. ஆகவே இவை உள்ள கூந்தலைப் பேணுவன. குறைந்த கூந்தலை நிறைப்பன அல்ல. மாதவியின் கூந்தல் மெலிந்ததென அடிகள் யாண்டும் கூறாமையும் நோக்கத்தக்கது.

இப்பகுதி வயல் வரப்புகளின் ஈரத்தில் தழைக்கும் கரிசலாங்கண்ணி இப்பட்டியலில் இல்லை. அதனை எண்ணெயிற் காய்ச்சித் தேய்ப்பது இல்லந்தோறும் வழக்கம். அதன் சாறு கருமையாதலே அதன் புகழுக்கு ஒரு காரணம் எனலாம்.

மெலிவின் காரணம் அறிந்தே மருந்து தேர்தல் வேண்டும். பரம்பரை வழுக்கைக்குப் பூசும் மினாக்சிடில், முன்னர்க் குருதியழுத்த மருந்தாயிருந்து, 1988இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இரும்புச்சத்துக் குறைவால் உதிர்வதற்கு அச்சத்தே வேண்டும். மகப்பேற்றின் பின் நேரும் உதிர்வோ பெரும்பாலும் ஓராண்டிற்குள் தானே அடங்கும். அக்காலத்துத் தேய்த்த எண்ணெய் அப்புகழைத் தனதாக்கிக் கொள்கின்றது.