கிப்லாவைத் தேடியவர்கள் அளந்த பூமி

கைப்பேசியில் தொழுகை நேரச் செயலியைத் திறந்தால், கிப்லாவின் திசையும் மக்காவுக்கு உள்ள தொலைவும் நொடிப்பொழுதில் திரையில் தோன்றுகின்றன. சென்னையில் இருப்போருக்கு அத்தொலைவு ஏறத்தாழ 4,380 கிலோமீட்டர். திசை, நேர்மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை. இவ்விரு எண்களையும் தருவது கணினி நிரலின் சில வரிகளே. ஆனால் அந்தச் சில வரிகளுக்குள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு அடங்கியுள்ளது. அவ்வுழைப்பில் பெரும்பங்கு, தொழுகையில் முகம் திருப்ப வேண்டிய திசையைச் சரியாக அறிய விரும்பியவர்களுடையது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் கேள்வியைப் புரிந்துகொள்வோம். சென்னையின் அட்சரேகை வடக்கே 13.08 பாகை, தீர்க்கரேகை கிழக்கே 80.27 பாகை. கஅபாவின் அட்சரேகை வடக்கே 21.42, தீர்க்கரேகை கிழக்கே 39.83. இந்த எண்களைக் கட்டமிட்ட தாளில் குறித்து நேர்கோடு வரைந்தால், கிப்லா மேற்கிலிருந்து வடக்கே 12 பாகை என்றே கிடைக்கும். உண்மைக்கும் இதற்கும் 6 பாகை வேறுபாடு. பூமி தட்டையான தாளன்று, உருண்டை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கரேகையின் அகலம் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். மக்காவின் அட்சரேகையில் அது 104ஆகக் குறைந்துவிடுகிறது. உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கிடையே இழுத்துப் பிடித்த நூல் எவ்வழியே செல்கிறதோ, அதுவே மிகக் குறுகிய வழி. அதனைப் பெருவட்டப் பாதை என்பர்.

அப்பாதையைக் கணக்கிட மூன்று செய்திகள் தேவை: ஊர்களின் இருப்பிடம், பூமியின் அளவு, உருண்டைக்குரிய கணிதம். இம்மூன்றிலும் முஸ்லிம் அறிஞர்கள் உழைத்துள்ளனர்.

கி.பி. 813 முதல் 833 வரை ஆட்சி செய்த அப்பாசிய கலீஃபா மஅமூன், கிரேக்க நூல்களில் காணப்பட்ட பூமியின் அளவை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றைய இராக்கிலுள்ள சின்ஜார் சமவெளிக்கு அறிஞர் குழுக்களை அனுப்பினார். ஒரு குழு வடக்கேயும் மற்றொன்று தெற்கேயுமாக, வானின் உயரக்கோணம் ஒரு பாகை மாறும் வரை நிலத்தை அளந்துகொண்டே சென்றன. ஒரு பாகைக்கு 56⅔ அரபு மைல் என்பது அவர்கள் கண்ட அளவாகக் கூறப்படுகிறது. அதே காலத்தவரான அல்குவாரிஸ்மி, சுமார் 2,400 இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைத் தொகுத்து 'சூரத்துல் அர்ழ்' என்னும் நூலைத் தந்தார். இன்று நிரலாளர்கள் அன்றாடம் சொல்லும் 'அல்காரிதம்' என்ற சொல்லே அவர் பெயரின் திரிபுதான்.

கணிதத்தின் கதையோ நாடுகளை இணைப்பது. சமஸ்கிருதத்தில் 'ஜ்யா', 'ஜீவா' எனப்பட்ட அளவு அரபியில் 'ஜைப்' ஆகி, இலத்தீனில் 'சைனஸ்' என்று மொழிபெயர்க்கப்பட்டு, நம் பாடநூலில் 'சைன்' என நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் வஃபா, அபூ நஸ்ர் மன்சூர் போன்றோர், உருண்டையின் மேல் வரையப்படும் முக்கோணங்களுக்குச் சைன் விதியை நிறுவினர். அதன்பின் கிப்லாக் கணக்கு வெகுவாக எளிதாயிற்று.

அபூ நஸ்ரின் மாணவரே அபூ ரைஹான் அல்பிரூனி. கி.பி. 973இல் குவாரிஸ்ம் நாட்டின் காஸ் நகரில் பிறந்தவர். 997ஆம் ஆண்டு சந்திர கிரகணத்தை அவர் காஸிலும், அபுல் வஃபா பக்தாதிலும் முன்னேற்பாட்டுடன் ஒருங்கே கண்டனர். கிரகணம் எல்லா ஊர்களுக்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. ஆகவே இரு ஊர்களின் உள்ளூர் நேரங்களுக்கு இடையிலான வேறுபாடு, ஒரு மணிக்கு 15 பாகை வீதம், தீர்க்கரேகை வேறுபாட்டைக் காட்டிவிடும்.

பிற்காலத்தில் அவர் கஸ்னா நகரில் வாழ்ந்தபோது, அந்நகரின் கிப்லாவைத் திருத்தமாக அறிய ஒரு முழு நூலையே எழுதினார். 1025இல் நிறைவுற்ற அந்நூலின் பெயரிலேயே ஊர்களுக்கிடையிலான தொலைவுகளைச் சரிசெய்யும் நோக்கம் இடம்பெற்றுள்ளது. பக்தாதிலிருந்து கஸ்னா வரை வணிகக் கூட்டங்கள் சென்ற வழியில் ஊருக்கு ஊர் இருந்த தொலைவுகளை எடுத்துக்கொண்டார். சாலை வளைவுகளுக்காக அவற்றில் ஒரு பகுதியைக் கழித்தார். எஞ்சியதையும் அட்சரேகைகளையும் கொண்டு தீர்க்கரேகை வேறுபாட்டைக் கண்டார். இன்றைய நிரல் இருப்பிடத்திலிருந்து தொலைவைக் காண்கிறது. அவர் தொலைவிலிருந்து இருப்பிடத்தைக் கண்டார். இவ்விரு நகரங்களுக்கும் அவர் பெற்ற விடையில் பிழை அரைப் பாகைக்கும் குறைவு.

1018இல் காபூலுக்கு அருகே ஒரு சிற்றூரில் இருந்தபோது அவரிடம் கருவி ஏதும் இல்லை. கணக்குப் பலகையின் பின்புறத்தில் வில் வரைந்து, பாகைகளைக் குறித்து, தூக்குநூல் கட்டிச் சூரியனின் உயரத்தை அளந்தார். இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டையில், மலையின் உயரத்தையும் அதன் உச்சியிலிருந்து தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதையும் அளந்து, பாலைவனத்தில் நடக்காமலேயே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார்.

பதினான்காம் நூற்றாண்டில் திமிஷ்கில் தொழுகை நேரக் கணிப்பாளராக இருந்த ஷம்சுத்தீன் அல்கலீலி, இக்கணக்குகளைப் பொதுமக்களுக்கு எளிதாக்கினார். அட்சரேகையும் தீர்க்கரேகை வேறுபாடும் தெரிந்தால் கிப்லாவை நேரே பார்த்துக்கொள்ளும்படி, ஏறத்தாழ 3,000 விடைகள் கொண்ட அட்டவணையை அமைத்தார். செயலி இன்று செய்வதை அன்று அவ்வட்டவணை செய்தது.

இனி நிரலுக்கு வருவோம். இதற்குப் பெரிதும் பயன்படுவது ஹாவர்சைன் சூத்திரம். கடலோடிகளுக்காக 1835இல் ஜேம்ஸ் இன்மன் என்ற ஆங்கிலேயர் இப்பெயரை வழங்கினார். முதலில் பாகைகளை ரேடியனாக மாற்ற வேண்டும். அட்சரேகை வேறுபாட்டில் பாதியின் சைனை வர்க்கப்படுத்த வேண்டும். தீர்க்கரேகை வேறுபாட்டுக்கும் அவ்வாறே செய்து, அதனை இரு அட்சரேகைகளின் கொசைன்களாலும் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் சென்னைக்கும் மக்காவுக்கும் ஏறத்தாழ 0.1136 வரும். அதன் வர்க்கமூலத்துக்குரிய கோணத்தை இரட்டித்தால் 0.6877, பூமியின் சராசரி ஆரமான 6,371ஆல் பெருக்கினால் 4,381 கிலோமீட்டர். கொசைன் விதியும் இதே விடையைத் தரும். ஆனால் இரு இடங்கள் மிக அருகில் இருக்கும்போது கொசைன் மதிப்பு ஒன்றை நெருங்கி, கணினியில் கடைசி இலக்கங்கள் தேய்ந்துபோகும். ஹாவர்சைனில் அக்குறை இல்லை.

எனினும் விடையின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். பூமி துல்லியமான உருண்டையன்று. நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,357. ஆகவே இச்சூத்திரத்தில் அரை சதவீதம் வரை பிழை வரலாம். பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதற்குரிய தொலைவைப் பார்ப்போர் இவ்வெண்ணை நம்பிவிடக் கூடாது. நிரல் காட்டுவது பறவை பறக்கும் வழி. ஃபிக்ஹ் நூல்கள் பேசுவதோ பயணி கடக்கும் வழி. அதனை ஆலிம்களிடமே கேட்டுத் தெளிய வேண்டும். அவ்வாறே, பழைய பள்ளிவாசல் ஒன்று செயலியின் முள்ளிலிருந்து சில பாகை விலகியிருப்பதைக் கண்டதும் முன்னோரைக் குறைகூற விரைவதும் தகாது. தம் காலத்தில் கிடைத்த அறிவைக் கொண்டு இயன்றவரை முயல்வதே அவர்கள்மீதிருந்த கடமை.

கிப்லாவின் பக்கம் முகம் திருப்புமாறு திருக்குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. அக்கட்டளையை நிறைவேற்றும் பொருட்டே அல்பிரூனி போன்றோர் பழைய எண்களை ஐயுற்றனர், மீண்டும் அளந்தனர், பிழையைத் திருத்தினர். நிரல் எழுதும் நம் இளைஞர்களுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டாலும், பாகையை ரேடியனாக்க மறந்தாலும், கணினி தயங்காமல் ஒரு விடையைத் தந்துவிடும். அவ்விடையை நம்பி ஒரு குடும்பம் தொழுகை விரிப்பை விரிக்கக்கூடும். ஆதலால் வெளியிடுமுன் விடை தெரிந்த ஊர்களைக் கொண்டு சரிபார்ப்பது அமானிதம். அத்தகைய பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக.