மலாயாத் தமிழரும் மூவகை வெளியேற்றமும்

ஒருவரை நாட்டினின்று வெளியேற்றும் முறைகள் யாவும் ஒரே தன்மையின என்று எண்ணுவோர் உளர். மலாயாத் தமிழர் வரலாற்றை ஊன்றி நோக்கின் அவ்வெண்ணம் பிழையென்பது விளங்கும். முறை வேறாயின் அதன் விளைவும் வேறாயிற்று.

முதலாவது, தாயகம் திருப்பியனுப்புதல். உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை வீழ்ந்தபோது, 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். இது தண்டனையன்று, திரும்பி வருவதற்கு நிரந்தரத் தடையுமில்லை. 1934இல் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்ததும் மீண்டும் வரவழைக்கப்பட்டனர். தேவைப்படின் அழைக்கவும், தேவை தீரின் அனுப்பவும் உரிய பொருளாக மனிதன் எண்ணப்பட்டான்.

இரண்டாவது, நாடு கடத்தல். கூட்டு மலாய் மாநிலங்களின் 1910ஆம் ஆண்டுச் சட்டம், நீதிமன்ற விசாரணையின்றியே அயலாரை நாடு கடத்த இடமளித்தது. கடத்தப்பட்டவர் மீண்டும் காலடி வைத்தால் அதுவே குற்றம், சிறை உறுதி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு ஒப்பான கூலி, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி ஆகியன அவர்தம் கோரிக்கைகளுட் சில. அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

மூன்றாவது, ஆணையின்றியே வெளியேற்றுவது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை பெறாதார் வேலை பெர்மிட் பெறவேண்டியதாயிற்று. 'வெளியேறு' என்று எவரும் கூறவில்லை. பிழைப்புக்கு வழியில்லை என்ற நிலையே வெளியேற்றிற்று. 1969க்குப் பின் ஏறத்தாழ அறுபதாயிரம் இந்தியர் நாடு திரும்பினர் என்பர். பல்லாண்டு பால்மரம் சீவியோர் பலர், குடியுரிமைக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்காமையால் சிவப்பு அடையாள அட்டையுடனேயே நின்றுவிட்டனர்.

மலேசியாவின் 1959ஆம் ஆண்டு நாடு கடத்தல் சட்டம் 2011இல் நீக்கப்பட்டது. ஆயினும் அனுமதியின்றித் தங்கியிருப்போரை அகற்றும் அதிகாரம் குடிநுழைவுச் சட்டத்தில் இன்றும் உண்டு.

ஆசிரியப் பெருமக்களே! ஆண்டுதோறும் முதலாம் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்கையில், பிறப்புச் சான்றிதழ் இல்லாத குழந்தையை நாம் காண நேரிடும். அதனை வெறும் பதிவேட்டுக் குறையாகக் கருதிக் கடந்து செல்லலாகாது. பெற்றோரை அழைத்து வழிகாட்டுதல் நம் கடமை. உழைப்பு மட்டும் உரிமையைத் தந்துவிடாது என்பதே முன்னோர் கப்பலேறிய வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.