கல்கத்தாவில் ஓர் ஆட்டம்: பெயரும் பெயரின்மையும்

1855 மே மாதம் கல்கத்தாவில் இருவர் சதுரங்கம் ஆடினர். வெள்ளைக் காய்களை ஆடியவர் ஜான் காக்ரேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வழக்குரைஞர், கல்கத்தா சதுரங்கக் கழகத்தின் முதன்மை ஆட்டக்காரர். எதிரே மகேஷ் சந்திர பானர்ஜி. நகருக்கு வெளியே ஊர்ப்புறத்திலிருந்து வந்த வங்காளப் பிராமணர் என்பதைத் தாண்டி அவரைப் பற்றிய செய்திகள் மிகக் குறைவு. அவர் பெயரையே ஆங்கிலப் பதிவுகள் பலவாறாக எழுதின.

வெள்ளையின் காலாட்கள் நடுக்கட்டங்களைக் கைப்பற்ற, பானர்ஜி முதலில் குதிரையை வெளியே எடுத்தார். அடுத்து அரசன் பக்கத்துக் குதிரைக்கு முன்னிருந்த காலாளை ஒரே கட்டம் நகர்த்தினார். மூன்றாம் நகர்வில் நடுவிலேயே மோதினார். பின்னர் அமைச்சரை ஓரத்தில் அமர்த்தி, நீண்ட மூலைவிட்டத்தின் வழியே தாக்கினார். நடுவிடத்தைக் காலாட்களால் நிரப்புவதே முறை என்று அக்கால ஐரோப்பியர் கருதினர். ஆனால் நம் பழைய ஆட்டமுறையில் காலாள் தொடக்கத்திலும் ஒரு கட்டமே நகரும். பானர்ஜியின் நிதானத்தை அம்மரபோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார். 67 ஆண்டுகளுக்குப் பின், 1922-இல், ஆஸ்திரியரான எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் அதே தொடக்கத்தைப் போட்டிகளில் ஆடினார். வியன்னாவில் அலேகைனையே வென்றார். இன்று அதன் பெயர் 'குருன்ஃபெல்ட் தற்காப்பு'. பானர்ஜிக்கு எதிராகக் காக்ரேன் குதிரையைப் பலிகொடுத்து ஆடிய வேறொரு தொடக்கம் 'காக்ரேன் காம்பிட்'. இரண்டு பலகைகளிலும் அமர்ந்தவர் பெயர் எதிலும் இல்லை. அவர் ஆடிய முறைகளுக்கு வாய்த்த பொதுப்பெயர் 'இந்தியத் தற்காப்பு'.

தொடக்கங்களுக்கு நாட்டுப்பெயர் இடுவது சதுரங்கத்தில் புதிதன்று. பிரெஞ்சு, சிசிலியன் என்பனவும் உண்டு. குருன்ஃபெல்ட் எதையும் களவாடவுமில்லை. தம் ஆய்வால் அதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். காக்ரேன் இந்த ஆட்டங்களை இங்கிலாந்துக்கு அனுப்பி அச்சேற்றியிராவிட்டால், நமக்குப் பானர்ஜியைத் தெரிந்தே இராது. அந்த நன்றியை மறுப்பது நேர்மையாகாது.

ஆயினும் மொழியியல் பயின்ற எனக்கு ஒன்று உறுத்துகிறது. ஆட்பெயர் ஒரு செயலைச் செய்தவரின் சிந்தனையாக்குகிறது. இனப்பெயர் அதை ஒரு கூட்டத்தின் வழக்கமாக்குகிறது. ஐரோப்பியர் யோசித்தது கண்டுபிடிப்பாயிற்று. வங்காளத்து மனிதர் யோசித்தது 'இந்திய' இயல்பாயிற்று. காலனிய ஆவணங்களில் 'உள்ளூர்வாசி' என்ற சொல் வரும் இடங்களிலெல்லாம், அச்சொல்லுக்குப் பின்னால் ஒருவர் பலகையின் முன் அமர்ந்து யோசித்துக்கொண்டிருக்கக் கூடும். அவரைத் தேடுவதும் வரலாற்றாய்வின் வேலையே.