யார் பெயரில் ரசீது? விலங்குச் சோதனை எதிர்ப்பும் அறநிறுவனக் கணக்கும்

அதியமான்கோட்டையைத் தொட்டுச் செல்லும் சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரியில் அடிபட்டுக் கிடக்கும் நாயைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு. அதைத் தூக்கிப்போய் வைத்தியம் பார்க்கும் அமைப்புக்கு ஐந்நூறோ ஆயிரமோ கொடுப்பவர்களும் உண்டு. ஆய்வகக் கூண்டில் இருக்கும் வெள்ளை எலிக்காக அப்படி யாரும் பணம் எடுத்து நீட்டுவதில்லை; அந்த எலி எவர் கண்ணிலும் படுவதில்லை. விலங்குச் சோதனையை எதிர்க்கும் அறநிறுவனங்களின் நிதிச் சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இந்தியச் சட்டத்தில் அந்த எதிர்ப்பு அறப்பணியாக நிற்கத் தடையில்லை. ஆனால் அதற்கென்று தனி வருவாய் கிடையாது. நாய்க்கும் மாட்டுக்கும் வந்த பணத்தை அண்டியே அது நடந்துவந்திருக்கிறது. அதனால் அதன் பணியும் ஒரு குறிப்பிட்ட வடிவம் எடுத்தது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

இங்கிலாந்தில் நிலைமை நேர்மாறானது. அங்கே பணம் இருந்தது, சட்டத் தகுதிதான் பறிபோயிற்று. பிரான்சிஸ் பவர் காப் 1875இல் தொடங்கிய அமைப்பே பின்னர் தேசிய விலங்குச் சோதனை எதிர்ப்புச் சங்கம் என்று அறியப்பட்டது. இத்தகைய சங்கங்களுக்கு எழுதிவைக்கப்பட்ட உயில் சொத்து அறச்சொத்தே என்று 1895இல் நீதிபதி சிட்டி தீர்ப்பளித்தார். கொடுமையைத் தடுப்பது மனித ஒழுக்கத்தை உயர்த்துகிறது, அது நல்ல நோக்கமா என்று எடைபோடுவது நீதிமன்றத்தின் வேலையன்று என்பது அவர் நிலைப்பாடு. அரை நூற்றாண்டு அது நிலைத்தது. சங்கம் தன் முதலீட்டு வருமானத்துக்கு வரிவிலக்குக் கேட்டபோது வருமான வரித்துறை மறுத்தது. வழக்கு பிரபுக்கள் சபைவரை போயிற்று. 1947இல் தீர்ப்பு சங்கத்துக்கு எதிராக வந்தது. நீதிபதி போர்ட்டர் பிரபு மட்டும் மாறுபட்டார்.

தீர்ப்புக்கு இரண்டு கால்கள். விலங்குச் சோதனையால் மனித மருத்துவத்துக்குக் கிடைத்த நன்மை, அதை ஒழிப்பதால் வரக்கூடிய ஒழுக்க நன்மையைவிட மிகப் பெரிது. ஆகவே சங்கத்தின் நோக்கம் பொதுநலனுக்குப் பயன் தருவதாகாது என்பது ஒன்று. சட்டத்தை மாற்றுவதே சங்கத்தின் முதன்மை நோக்கம், அது அரசியல். அரசியல் நோக்கம் அறமாகாது என்பது மற்றொன்று. இந்தத் தீர்ப்புக்குப் பின் இங்கிலாந்துச் சங்கங்கள் கண்ட வழி கவனிக்கத்தக்கது. பிரசாரத்தை ஒரு கையிலும் ஆராய்ச்சி நிதியை இன்னொரு கையிலும் பிரித்து வைத்தார்கள். காப் 1898இல் தொடங்கிய இன்னொரு அமைப்பான பிரிட்டிஷ் ஒழிப்புச் சங்கம், 1970இல் டாக்டர் ஹாட்வென் அறக்கட்டளையைத் தனியே நிறுவியது. விலங்கைப் பயன்படுத்தாத மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தருவது மட்டுமே அதன் வேலை. நன்கொடையாளர் எதற்குக் கொடுத்தார், பணம் எதற்குப் போயிற்று என்ற இரண்டும் ஒரே புத்தகத்தில் தெளிவாகத் தெரிந்தன. வரித்துறை கட்டாயப்படுத்தியதால் வந்த நேர்மை என்று சிலர் இதைக் குறைத்துப் பேசலாம். கட்டாயத்தால் வந்தாலும் பயன் பயன்தான்.

இந்தியாவில் 1947 தீர்ப்பின் இரண்டு கால்களும் ஊன்ற முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அகில இந்திய நூற்போர் சங்க வழக்கில் 1944இலேயே, இந்திய வரிச் சட்டத்துக்குச் சொந்த வரையறை இருக்கிறது, அதன் சொற்களைக் கொண்டே பொருள் கொள்ளவேண்டும், ஆங்கிலத் தீர்ப்புகள் கட்டுப்படுத்தா என்று பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. காந்தியின் கதர்ப்பணிக்காக வந்த தீர்ப்பு பிற்காலத்தில் எத்தனையோ அமைப்புகளுக்குக் குடை பிடித்தது. ஆந்திர வர்த்தகச் சபை வழக்கு சென்னை வருமான வரி ஆணையரிடமிருந்து கிளம்பியது. அதில் உச்ச நீதிமன்றம், முதன்மை நோக்கம் பொதுப்பயனாக இருந்தால், அதை அடைவதற்காக ஒரு மசோதாவை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ இடையில் வந்து சேர்வதால் அறத்தன்மை கெடாது என்று விளக்கியது. 1965இல் அது தீர்ப்புத் தொகுப்பில் பதிவானது. அரசியல் என்ற கால் இதோடு முறிந்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(15) பிரிவில் இருந்த பொதுப்பயன்பாட்டு நோக்கம் என்ற தொடருக்குள் விலங்குநலம் அமர்ந்துகொண்டது.

பொதுநலன் என்ற காலை முறித்தது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதன் பின்னணியில் இருந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார். வந்த சட்டத்தின் 14ஆம் பிரிவு, உயிர் காக்கவும் நோய் தீர்க்கவும் பயன்படும் அறிவுக்காகச் செய்யும் சோதனை குற்றமாகாது என்றது. ஒழிப்புக் கொள்கையினருக்கு இது தோல்வி. ஆனால் 17ஆம் பிரிவை ஊன்றிப் படிக்கவேண்டும். தவிர்க்க முடிந்த இடத்தில் எல்லாம் சோதனையைத் தவிர்க்கவேண்டும். மருத்துவப் பள்ளி, கல்லூரி போன்ற இடங்களில் நூல், மாதிரி, திரைப்படம் ஆகியவை போதுமானால் விலங்கு வேண்டாம். வெறும் கைப்பழக்கத்துக்காக அறுக்கக்கூடாது என்பவை விதிகளில் இடம்பெற வேண்டும் என்று அது பணிக்கிறது. இங்கிலாந்தில் சங்கம் சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்டது. இங்கே சங்கம் சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்டாலே போதும். 1976இல் சேர்ந்த அரசமைப்பின் 51ஏ(ஜி) பிரிவு, உயிர்களிடத்தில் கருணை காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமையாக்கி இந்த நிலைக்கு வலுச் சேர்த்தது.

சட்டம் எவ்வளவு கருணையோடு எழுதப்பட்டாலும் அதன் தண்டனைப் பிரிவைப் பார்த்தால்தான் அதன் முதுகெலும்பு தெரியும். விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்க இச்சட்டத்தின்கீழ் அமைந்த மையக் குழுவின் ஆணையை மீறினால் 20ஆம் பிரிவின்படி அபராதம் இருநூறு ரூபாய்வரை. 1960இல் அது ஓரளவு பணம். ஒரு மருந்துக் கம்பெனிக்கு அன்றும் அது பணமில்லை. ஆகவே இந்தச் சட்டத்தை உயிர்ப்பிப்பது கண்காணிப்பாளர்களின் வேலையாயிற்று. 1998 விதிகளுக்குப் பிறகு ஒவ்வொரு ஆய்வகத்திலும் விலங்கு நெறிக்குழு கட்டாயம். அதில் அறிவியலாளர் அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒருவரும் அந்த மையக் குழுவின் பிரதிநிதி ஒருவரும் அமரவேண்டும். இந்த நாற்காலிகளுக்கு ஆள் தருவது விலங்குநல இயக்கத்துக்குக் கிடைத்த வாய்ப்பு. அறிக்கையைப் படித்து, கேள்வி கேட்டு, மறுப்பை எழுத்தில் பதிவு செய்யும் வேலை அது. போட்டோவில் காட்ட முடியாத வேலை.

சென்னைப் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு இந்தப் பின்னணியில் வளர்ந்தது. கேப்டன் வி. சுந்தரமும் நாட்டின் முதல் பெண் விமானிகளில் ஒருவரான உஷா சுந்தரமும் 1959இல் தொடங்கிய அது 1964இல் பதிவானது. அதே 1959இல்தான் ரஸ்ஸலும் பர்ச்சும் இங்கிலாந்தில், மாற்று, குறைப்பு, மேம்பாடு என்ற மூன்று நெறிகளை வகுத்த நூலை வெளியிட்டார்கள். அந்த ஆராய்ச்சிக்குப் பின்னால் இருந்ததும் ஓர் அறநிறுவனத்தின் பணம். புளூ கிராஸின் அன்றாடம் தெருநாயும் வண்டிமாடும். மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்த காலத்தில், கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசி போட்டுத் திரும்ப விடும் முறையை அது வலியுறுத்தியது. 1996இல் சென்னை மாநகராட்சி அதை ஏற்றது. 2001இல் அந்த முறை மத்திய விதிகளாயிற்று. புளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா போன்றவர்களின் பெயர் மக்கள் மனத்தில் நிற்பது இந்தப் பணியால்தான்.

ஆனால் அதே அமைப்புதான் கணினியில் தவளை அறுக்கும் ‘கம்ப்யூஃப்ராக்’ என்ற மென்பொருளையும், எலிக்கு அதுபோன்ற இன்னொன்றையும் உருவாக்கிப் பள்ளி கல்லூரிகளுக்குக் கொண்டுபோனது. 17ஆம் பிரிவு கேட்ட நூல், மாதிரி, திரைப்பட வரிசையில் இது அடுத்த படி. என் பார்வையில் தமிழ்நாட்டு விலங்குநல வரலாற்றில் செலவுக்கு மிஞ்சிய பலன் தந்த முயற்சி இதுவே. மென்பொருளை ஒருமுறை எழுதினால் போதும். நாய்க் காப்பகத்துக்கு ஒவ்வொரு நாளும் சோறு வேண்டும். சோதனை எதிர்ப்புக்கென்று தனி வருவாய் இல்லாத ஓர் அமைப்பு எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதற்கு இது நல்ல சான்று: மென்பொருள், மனு, குழு நாற்காலி என்று மூலதனம் குறைவாகவும் உழைப்பு அதிகமாகவும் தேவைப்படும் வேலைகள். ஆய்வகம் கட்டி மாற்றுச் சோதனை முறை கண்டுபிடிக்கும் வேலை அந்தப் பட்டியலில் இல்லை. மனம் இல்லாததால் அல்ல, காசு இல்லாததால்.

அந்த வேலை நடந்த இடம் திருச்சி. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009இல் மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையம் அமைந்தது. பேராசிரியர் அக்பர்ஷா அதை வழிநடத்தினார். டோரன்காம்ப்–ஸ்பிண்டன் என்ற சுவிட்சர்லாந்து அறக்கட்டளையின் நிதியும் நம் பல்கலைக்கழகத்தின் இடமும் சேர்ந்து உருவானது அது. விலங்கியல் பாடத்தில் அறுவைச் செய்முறையைக் கைவிடும் பேச்சு 2011இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டலாகி 2014இல் மேலும் இறுகியபோது, மாற்றாக எதைச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்விக்கு இத்தகைய மையங்களே பதில் வைத்திருந்தன. தருமபுரி மாவட்டத்திலிருந்து விலங்கியல் படிக்கப்போகும் மாணவி இன்று தவளையை மெழுகுத் தட்டில் குத்தி அறுக்காமலே பட்டம் பெறலாம். அதற்குப் பணம் தந்தவர்களில் தருமபுரிக்காரர் எவரும் இருந்திருக்கமாட்டார் என்பதுதான் யோசிக்கவேண்டியது.

உள்நாட்டில் ஏன் பணம் இல்லை? 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் விலங்குநலமும் இருக்கிறது. சமூகப் பொறுப்பு நிதியை அதற்குத் தரலாம். ஆனால் விலங்குச் சோதனையைப் பற்றி மிக அதிகம் அறிந்த, மிக அதிகம் செலவிடக்கூடிய கம்பெனிகள் மருந்து, ரசாயனத் துறையைச் சேர்ந்தவை. தங்கள் ஆய்வகத்தைக் கேள்வி கேட்கும் அமைப்புக்கு அவர்கள் காசோலை எழுத வாய்ப்பில்லை; பசு காப்பகத்துக்கு எழுதுவார்கள். வெளிநாட்டு நிதிக்கோ 2010ஆம் ஆண்டுச் சட்டம் காவல் நிற்கிறது. 2020 திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை ஐம்பது விழுக்காட்டிலிருந்து இருபதுக்குக் குறைத்தது. பெற்ற நிதியை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றுவதையும் தடைசெய்தது. காப்பகம் நடத்துபவருக்குத் தீவனம் திட்டச் செலவு. சட்டமும் அறிவியலும் தெரிந்த இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்து ஆவணம் படிக்கவைக்கும் அமைப்புக்கு, எது திட்டம் எது நிர்வாகம் என்று நிறுவுவதே தலைவலி. 2014இல் அழகுசாதனப் பொருள்களுக்கான விலங்குச் சோதனையையும், அப்படிச் சோதித்த பொருள்களின் இறக்குமதியையும் இந்தியா தடைசெய்தது. அதற்காக வாதாடியவற்றில் பன்னாட்டுக் கிளை அமைப்புகள் முன்னே நின்றதற்கு இந்த நிதியமைப்பும் ஒரு காரணம்.

இனி 1947 தீர்ப்பின் கடினமான கேள்விக்கு வரவேண்டும். அதை வெறும் சட்ட நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது. அதியமான்கோட்டை வயலில் ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்தால் அவரைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அங்கே ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து, நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சு செலுத்தப்பட்ட குதிரையின் ரத்தத்திலிருந்து வந்தது. அந்த நஞ்சுக்கு முக்கியமான ஊற்று மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மருந்தின் வீரியம் எலிகளில் சோதிக்கப்படுகிறது. இவற்றை நாளையே நிறுத்து என்று சொல்லும் அறநிறுவனத்துக்கு அந்த நோயாளியின் மனைவியிடம் சொல்ல எந்தப் பதிலும் இருக்காது.

ஆனால் குன்னூரைப் பாருங்கள். 1907இல் திறந்த பாஸ்டர் நிலையம் பல பத்தாண்டுகள் ஆட்டு மூளையிலிருந்து வெறிநோய்த் தடுப்பூசி தயாரித்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் வீடுகளில் பயந்து பேசியது அதைத்தான். சிலருக்கு அது நரம்பு வாதத்தையே கொண்டுவந்தது. உயிரணு வளர்ப்பில் தயாராகும் ஊசி வந்தபிறகு, 2004 இறுதியோடு இந்தியா ஆட்டு மூளை ஊசியைக் கைவிட்டது. புதிய ஊசிக்குப் பயன்படும் வீரோ உயிரணு வரிசை, 1962இல் ஜப்பானில் ஒரு பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டு இன்றுவரை பெருகிவருவது. ஆடுகள் தப்பின, மனிதர்களும் தப்பினர். இதைச் சாதித்தது விலங்கு இயக்கம் அல்ல, மருத்துவம்தான் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும் மனித நலனும் விலங்கு நலனும் தராசின் இரண்டு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கியாகவேண்டும் என்ற பிரபுக்கள் சபையின் ஊகம் இங்கே பொய்த்தது. புது மருந்துகளுக்கு விலங்கு அல்லாத சோதனை முறைகளையும் ஏற்கும் 2023 திருத்த விதிகள் அந்த ஊகத்தை மேலும் பலவீனப்படுத்துகின்றன.

இன்னொரு முரண் நிதிக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. தெருநாய்க்குப் போடும் வெறிநோய்த் தடுப்பூசியின் வீரியமும் மரபாக எலிகளுக்கு நோய்க்கிருமி செலுத்தியே அளக்கப்பட்டுவந்தது. ஆகவே நாய்க் காப்பகத்தின் மருந்து ரசீதுகளில், அதே அமைப்பு எதிர்க்கும் சோதனையின் விலையும் அடங்கியிருக்கிறது. இதைச் சொல்லிக் காட்டுவது அவர்களைக் குற்றம் சாட்டுவதற்கு அல்ல. தடுப்பூசி போடாமல் விடுவது பெரிய கொடுமை. ஆனால் எந்த மாற்று முறைக்கு முதலில் பணம் தேடவேண்டும் என்பதை இந்த ரசீதே சொல்லிவிடுகிறது. எலியைக் கொல்லாமல் தடுப்பூசியின் வீரியத்தை அளக்கும் முறையை நம் தடுப்பூசிக் கூடங்களில் நிலைபெறச் செய்வதற்கு விலங்குநல அமைப்பைவிடப் பொருத்தமான புரவலர் யார்?

அதற்குக் கணக்கு முறை மாறவேண்டும். காப்பகம், கருத்தடை, சோதனை எதிர்ப்பு, மாற்று முறை ஆராய்ச்சி என்று தலைப்புவாரியாக வரவும் செலவும் ஆண்டறிக்கையில் வரவேண்டும். சோதனை எதிர்ப்புக்கான தொகை சிறியதாக இருந்தால் சிறியதாகவே தெரியட்டும். நாய்க்காகக் கொடுத்தவரின் பணம் அவர் அறியாமல் வழக்குச் செலவுக்குப் போவதும் சரியில்லை. வழக்குக்காகக் கொடுக்க விரும்புகிறவருக்கு வழியே இல்லாமல் போவதும் சரியில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற அரசு நிறுவனங்கள் இத்தகைய நிதியைப் பெற்று ஆராய்ச்சி செய்ய முன்வரவேண்டும். நன்கொடை தரும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை வரிச்சலுகை ரசீது வாங்கும்போது, இதில் எவ்வளவு ஆய்வக விலங்குக்குப் போகிறது என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.