உதவித்தொகையும் தேர்ச்சி நிபந்தனையும்: அமெரிக்கச் சட்டம் நடந்து வந்த பாதை

கல்விக்கெனப் பொருள் ஈந்தவர், அதனைப் பெற்ற மாணவர் செவ்வனே பயில்கின்றாரா எனக் கேட்பது இயல்பு. அக்கேள்வி அமெரிக்க நாட்டில் முதலில் ஈந்தவரின் விருப்பமாக இருந்து, பின்னர்ச் சட்டமாகி, இறுதியில் ஒரு கணக்காகவே மாறிய வரலாறு, கல்வி அறம் புரிவோர் அனைவரும் அறியத்தக்கது.

1643ஆம் ஆண்டில் லண்டன் மாநகரைச் சேர்ந்த ஆன் ராட்கிளிஃப் என்னும் மௌல்சன் சீமாட்டி, தோன்றி ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த ஹார்வர்டு கல்லூரிக்கு 100 பவுன் வழங்கினார். அதன் வருவாயைக் கொண்டு வறிய மாணவர் ஒருவர் முதுகலைப் பட்டம் பெறும் வரை பயில வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்நாட்டுக் கல்லூரி உதவித்தொகைகளின் தொடக்கமாக இதனைக் கூறுவர். கல்லூரிக்காக இங்கிலாந்தில் நன்கொடை திரட்டிய போதகர் தாமஸ் வெல்டின் மகன் ஜான் வெல்டே அத்தொகையை முதலில் பெறுவதென ஏற்பாடாயிற்று. (திரட்டியவர் மகனுக்கே முதல் உரிமை என்னும் ஏற்பாடு அன்றும் இருந்தது போலும்!) ஆனால் 1644இல் அம்மாணவன் தோழன் ஒருவனுடன் இரவில் வீடு புகுந்து திருடி அகப்பட்டான். கல்லூரித் தலைவர் தம் கையாலேயே கசையடி கொடுத்தார். வெல்டு கல்லூரியினின்றும் நீக்கப்பட்டான். உதவித்தொகை பிறந்த மறு ஆண்டிலேயே அதனை இழப்பதற்கான காரணமும் பிறந்துவிட்டது.

அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இவ்வுதவி பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரியின் வீட்டுக்காரியமாகவே இருந்தது. கொடுத்தவரும் மாணவரை மதிப்பிட்டவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தமையால், யாருக்கு நிறுத்துவது, யாரைப் பொறுத்துக் கொள்வது என்பதைப் பேராசிரியர்கள் முகமறிந்து முடிவு செய்தனர்.

நடுவண் அரசின் பொருள் பெருமளவில் கல்லூரிகளுக்குள் புகுந்தது 1944 ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தால் ஆகும். போரிலிருந்து மீண்ட வீரருக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணமும், தனி ஆளாயின் திங்கள்தோறும் 50 டாலர் வாழ்க்கைப்படியும் அச்சட்டம் தந்தது. ஏறத்தாழ 22 லட்சம் வீரர்கள் கல்லூரி புகுந்தனர். இங்குதான் நம் பொருளுக்குரிய சொற்றொடர் முளைவிடுகிறது. முதலாண்டிற்குப் பின் உதவி தொடர வேண்டுமாயின், மாணவரின் படிப்பு அக்கல்லூரியின் வழக்கமான அளவுகோலின்படி மனநிறைவு தருவதாக இருத்தல் வேண்டும் என்று சட்டம் விதித்தது. அளவுகோல் எது என அரசு கூறவில்லை. அதனைக் கல்லூரியிடமே விட்டது.

1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும், மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் மாணவர் கடனைக் கொணர்ந்தது. அறிவியல், கணிதம், பொறியியல், அயல்மொழி ஆகியவற்றில் சிறந்தோருக்கு அதில் தனிக்கவனம் உண்டு.

இப்போக்கை மாற்றியது 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். இதற்குத் திறமையினும் வறுமையே முதன்மையான தகுதி. அவ்வாண்டு நவம்பர் 8 அன்று, தாம் பயின்ற டெக்சாஸ் மாநில சான் மார்க்கோஸ் கல்லூரிக்கே சென்று லிண்டன் ஜான்சன் அச்சட்டத்தில் ஒப்பமிட்டார். அக்கல்லூரியில் துப்புரவுப் பணியும் செய்து பயின்றவர் அவர். படிப்பை இடையில் நிறுத்தி, கொட்டூலா என்னும் சிற்றூரில் ஆசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்துத் திரும்பி, 1930இல் பட்டம் பெற்றவர். வறியவன் படிப்பு நேர்கோட்டில் செல்வதில்லை என்பதை ஒப்பமிட்ட கை அறிந்திருந்தது. 1972இல் தோன்றிய அடிப்படை மானியம், பின்னாளில் செனட்டர் கிளெய்போர்ன் பெல்லின் பெயரால் பெல் மானியம் எனப் பெயர் பெற்றது.

உதவி பெருகவே ஐயமும் பெருகிற்று. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், நடுவண் உதவி பெறும் மாணவர் எவரும் மனநிறைவான கல்வி முன்னேற்றம் காட்டல் வேண்டும் எனப் பொதுவிதி வகுத்தது. எனினும் அளவுகோல் இன்னும் கல்லூரிகளின் கையிலேயே இருந்தது. இதிலுள்ள சிக்கல் வெளிப்படையானது. மாணவர் வாயிலாக வரும் மானியமே கல்லூரியின் கட்டண வருவாய். அவரை நீக்கினால் அவ்வருவாயும் நீங்கும். தன் வருவாயைத் தானே குறைத்துக் கொள்ளும் தீர்ப்பை எத்தனை நிறுவனங்கள் மனமுவந்து வழங்கும்? 1981 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, உதவி பெறும் மாணவர்கள் போதிய முன்னேற்றம் காட்டவில்லை என்றும், கடுமையான அளவுகோல் தேவை என்றும் தன் தலைப்பிலேயே உரைத்தது. அதன் விளைவாக, மதிப்பெண்ணின் தரம், முடித்த பாடங்களின் அளவு ஆகிய இரண்டையும் கல்லூரிகள் நோக்க வேண்டும் என்று விதிகள் இறுகின. 1986ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டாம் ஆண்டின் முடிவில் மாணவர் ‘சி’ தரச் சராசரியோ, பட்டம் பெறுவதற்கு ஏற்ற நிலையோ எய்தியிருக்க வேண்டும் என்றது.

அதே சட்டத்தில் ஒரு சாளரமும் திறக்கப்பட்டது. உறவினர் ஒருவரின் மரணம், மாணவரின் நோய் அல்லது காயம், பிற சிறப்புச் சூழல் ஆகியவற்றால் துன்புற்றவர்க்குக் கல்லூரி இந்நிபந்தனையைத் தளர்த்தலாம். இவ்வரலாறு முழுவதிலும் மனிதரை மனிதராக நோக்கும் வரி இதுவே என்பது என் கருத்து.

2010இல் வெளியாகி 2011 ஜூலை முதல் நடப்புக்கு வந்த விதிகளே இன்றைய நிலைக்கு அடிப்படை. பட்டத்திற்குரிய அளவில் 150 விழுக்காட்டிற்கு மேல் முயலுதல் கூடாது. 120 கிரெடிட் கொண்ட பட்டமாயின் 180 கிரெடிட்டே எல்லை. எனவே எடுத்த பாடங்களில் ஏறத்தாழ 67 விழுக்காடு முடித்திருத்தல் வேண்டும். இடையில் கைவிட்ட பாடமும் எடுத்த கணக்கிலேயே சேரும்.

இக்கணக்கு எவ்வாறு ஒருவரைப் பற்றுகிறது எனக் காண்போம். முதற்பருவத்தில் தந்தை நோயுற, ஒரு மாணவி 15 கிரெடிட்டில் 6 மட்டுமே முடிக்கிறாள் எனக் கொள்வோம். விழுக்காடு 40. பருவந்தோறும் கணக்கிடும் கல்லூரியாயின், எச்சரிக்கையுடன் மேலும் ஒரு பருவத்திற்கு உதவி கிட்டலாம். அப்பருவத்தில் அவள் அரும்பாடுபட்டு 15இல் 12 முடிக்கிறாள். மெய்யான முன்னேற்றம்தான். ஆயினும் மொத்தம் 30இல் 18, விழுக்காடு 60. உதவி நின்றுவிடுகிறது. பின்னர் அவள் செய்யக்கூடியது மேல்முறையீடு. ஏன் தவறினேன், இப்போது எது மாறியுள்ளது என எழுதித் தர வேண்டும். ஏற்கப்பட்டால் நன்னடத்தைக் காலம் போல ஒரு பருவமோ, வகுத்துத் தந்த பாடத்திட்டத்தின்படி அதற்கு மேலுமோ உதவி தொடரும். ஆனால் மேல்முறையீட்டை ஏற்பதா என்பது மட்டுமன்று, அவ்வழியை வைப்பதா வேண்டாமா என்பதே கல்லூரியின் விருப்பம். அவ்வழி இல்லையேல், தன் கைப்பொருளில் பயின்று விழுக்காட்டை மீட்டு வர வேண்டும். கைப்பொருள் இல்லாமையால் உதவி கேட்டவளுக்கு இது எங்ஙனம் இயலும் என்னும் வினாவுக்கு விதிநூலில் விடை இல்லை.

பொதுப்பணத்தைக் காப்பது அரசின் கடமை என்பதை நான் மறுக்கவில்லை. பெயரளவில் சேர்ந்து மானியத்தைப் பெற்று மறைவோரும், அவர்களைக் கொண்டே நடக்கும் நிறுவனங்களும் உண்மையிலேயே இருந்தனர். ஆனால் ஏமாற்றுபவனுக்கென இட்ட வேலியில், பெரும்பாலும் தடுக்கி விழுபவர் வேலைக்கும் சென்று கொண்டே படிப்பவரும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்தவருமே ஆவர்.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவிக் கல்லூரிகள் மூடப்பட்டபோது, மார்ச் 27 அன்று நிறைவேறிய நிவாரணச் சட்டம் இக்கணக்கைத் தளர்த்தியது. நோய்த்தொற்றின் நெருக்கடியால் முடிக்க இயலாத கிரெடிட்டுகளை, மேல்முறையீடு ஏதுமின்றியே கணக்கிலிருந்து நீக்கிவிடக் கல்லூரிகளுக்கு அது இடமளித்தது. அவ்வாண்டு மாணவர் எவரும் தம் துயரைத் தனித்தனியே எழுதி மெய்ப்பிக்க வேண்டும் எனச் சட்டம் எதிர்பார்க்கவில்லை.