வாய் வார்த்தையும் ஆதாரம்தான்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு எழுதித் தரச் சொல்லி செயலாளர் அக்கா கேட்டப்போ எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. பத்தாவதோட நின்னவ நான். வரலாறுன்னா எனக்குத் தெரிஞ்சது ராஜா, சண்டை, வருஷம். ஆனா ஒரு விஷயம் ரொம்ப நாளா மனசுல கிடக்குது. அதை எழுதினா உங்களுக்கும் உபயோகமா இருக்கும்னு தோணுச்சு.

முதல்ல நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

நான் சேக்காட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ. எங்க அம்மா வீடு இதே திருவள்ளூர் மாவட்டத்துல ஒரு கிராமம். அங்க ஏரிக்கரை ஓரம் ஏழெட்டு இருளர் குடும்பங்கள் இருந்தாங்க. வயல்ல எலி பிடிப்பாங்க, ஏரியில மீன் பிடிப்பாங்க, பச்சிலை மருந்து கொடுப்பாங்க. அதுல ஒரு ஆயா எங்க பாட்டிக்கு சிநேகிதி. கரையில ஒரு வேப்பமரத்தடியில ஏழு கல்லு நட்டு கன்னிமார் சாமின்னு கும்பிடுவாங்க. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிட்டு வந்து, அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசுவாங்க.

எனக்கு இருபது வயசு இருக்கும்போது ஒரு நாள் கிராம சபை நோட்டு எங்க வீட்டு வாசலுக்கே வந்துச்சு. "கையெழுத்துப் போடும்மா, கோரம் வேணும்"னாங்க. அடுப்புல குழம்பு கொதிக்குது. என்ன எழுதியிருக்குன்னு படிக்காம போட்டுட்டு உள்ள போயிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது. ஏரிக்கரை வீடுகளை எடுக்கணும்னு அதுல ஒரு தீர்மானம் இருந்திருக்கு. அந்தக் குடும்பங்களுக்கு வேற இடம் கொடுத்தாங்க, இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா அது ஒரு மைல் தள்ளி. வேப்பமரமும் ஏழு கல்லும் இங்கேயே நின்னுடுச்சு. அப்புறம் அதைச் சுத்தி வேலியும் வந்துச்சு.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"ன்னு ஆயாவைக் கேட்டிருக்காங்க. "எங்க ஆயாவோட ஆயா காலத்துல இருந்து"ன்னு சொல்லியிருக்கு. "பேப்பர் இருக்கா?"ன்னு கேட்டாங்களாம். அதோட பேச்சு முடிஞ்சுபோச்சு.

பேப்பர் இல்லாதவங்க சொல்ற வார்த்தைக்கு மதிப்பே கிடையாதான்னு எனக்கு ரொம்ப நாள் கேள்வி. போன வருஷம் ஒரு பயிற்சியில வந்த அம்மா ஒடிசா மாநிலத்து நியம்கிரி மலையைப் பத்திச் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து என் பொண்ணை விட்டு போன்ல தேடிப் படிக்கச் சொன்னேன். அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

நியம்கிரி

ஒடிசாவில் ராயகடா, காளஹாண்டி என்று இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் மலைத்தொடர் நியம்கிரி. அங்கே டோங்கிரியா கோந்த் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மொத்தமே சுமார் எட்டாயிரம் பேர்தான். கேழ்வரகு, சாமை மாதிரி தானியங்களோடு மஞ்சள், இஞ்சி, அன்னாசி, பலா எல்லாம் மலைச் சரிவில் விளைவிக்கிறார்கள். அவர்கள் பெண்கள் கையாலேயே பூவேலை செய்யும் கப்டாகண்டா என்ற சால்வை உண்டு. அதில் வரும் முக்கோண வடிவம் அந்த மலையைத்தான் குறிக்கிறது. 2024-ல் அந்தச் சால்வைக்கு புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த அதே குறியீடுதான்.

அவர்களுக்குத் தெய்வம் நியம் ராஜா. மலையே அவருடைய வீடு. மலை உச்சிக் காட்டை வெட்டக் கூடாது என்பது பரம்பரைக் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டால்தான் காடு நின்றது, காடு நின்றதால்தான் ஓடைகள் வற்றாமல் ஓடுகின்றன.

அந்த உச்சியில்தான் பாக்சைட் இருக்கிறது. அலுமினியம் செய்கிற மண். நம்ம வீட்டு இட்லிப் பானை, குக்கர் எல்லாம் அதிலிருந்து வருவதுதான். மலை அடிவாரத்தில் லாஞ்சிகர் என்ற ஊரில் வேதாந்தா நிறுவனம் ஆலை கட்டியது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் என்று நாம் கேள்விப்பட்டோமே, அதே குழுமம். அரசின் ஒடிசா சுரங்கக் கழகத்தோடு சேர்ந்து, மலை உச்சியில் 660 ஹெக்டேர் காட்டில், அதாவது 1,600 ஏக்கருக்கும் மேலே, சுரங்கம் தோண்டுவது திட்டம்.

முதலில் தோல்விதான்

இந்த மக்கள் எடுத்த உடனே ஜெயித்துவிடவில்லை. 2004-லேயே விஷயம் உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவின் முன்னால் போனது. 2005-ல் அந்தக் குழு, இங்கே சுரங்கம் வேண்டாம் என்றுதான் அறிக்கை கொடுத்தது. ஆனாலும் 2008 ஆகஸ்டில் நீதிமன்றம் நிபந்தனைகள் போட்டு சுரங்கத்துக்கு வழிவிட்டது. நாட்டிலேயே பெரிய கோர்ட் சொல்லிவிட்டது என்றால் நாமாக இருந்தால் என்ன செய்வோம்? விதி என்று விட்டிருப்போம்.

அவர்கள் விடவில்லை. நியம்கிரி பாதுகாப்புக் குழு என்று ஊர் ஊராகச் சேர்ந்தார்கள். லடா சிகாகா, குமுட்டி மாஜி போன்ற மலைவாசித் தலைவர்களே முன்னால் நின்றார்கள். பாதையை மறித்தார்கள், ஊர்வலம் போனார்கள், போலீஸில் மாட்டினார்கள். கூடவே சட்டத்தையும் கையில் எடுத்தார்கள். அந்தச் சட்டம் வன உரிமைச் சட்டம். 2006-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2007 டிசம்பர் 31-ல் இருந்து நடைமுறைக்கு வந்த சட்டம்.

2010-ல் மத்திய அரசு அனுப்பிய என்.சி.சக்சேனா குழு மலைக்குப் போய்ப் பார்த்தது. இந்த மக்களின் வன உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. 2010 ஆகஸ்ட் 24 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கு அனுமதி இல்லை என்றது. அதை எதிர்த்து ஒடிசா சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பு வந்தது. அந்த மலையில் மக்களுக்கு இருக்கும் வழிபாட்டு உரிமை, பண்பாட்டு உரிமை என்ன, சுரங்கத்தால் அது பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகள் கூடிச் சொல்லட்டும், அதை வைத்து மத்திய அரசு முடிவு செய்யட்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆமாம் சகோதரிகளே, கிராம சபை. நான் குழம்பு கொதிக்கும்போது கையெழுத்துப் போட்டேனே, அதே பெயர் உள்ள சபை.

பன்னிரண்டு ஊர், ஒரே பதில்

நூற்றுக்கும் மேலே ஊர்கள் இருக்க, மாநில அரசு பன்னிரண்டு ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. 2013 ஜூலை 18-ல் ஆரம்பித்து ஆகஸ்ட் 19 வரை ஒவ்வொரு ஊராகச் சபை நடந்தது. நீதிபதி ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் போலீஸ். மழைக்காலம். வயசான ஆண்களும், மூக்குத்தி போட்ட மலைவாசிப் பெண்களும் எழுந்து நின்று தங்கள் மொழியிலேயே பேசினார்கள். பேசியது எழுதப்பட்டது.

உங்கள் கோயில் எந்த இடம், அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் தோண்டினால் என்ன என்பதுதான் அவர்கள் முன்னால் இருந்த கேள்வி. மலை முழுக்கத்தான் கோயில் என்பது அவர்கள் பதில். வீட்டில் சாமி மாடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றச் சுவரை இடிக்கிறேன் என்று ஒருவர் வந்து சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா?

பன்னிரண்டு ஊரும் வேண்டாம் என்றே தீர்மானம் போட்டன. ஒரு ஊர்கூட மாறவில்லை. 2014 ஜனவரியில் மத்திய அரசு சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது. 2016-ல் மறுபடியும் சபை கூட்ட வேண்டும் என்று சுரங்கக் கழகம் கேட்டது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது.

கோர்ட்டில் வாதாடியது வக்கீல்கள்தான். ஆனால் வக்கீலால் மலைக்குச் சாட்சி சொல்ல முடியாது. எழுத்தறிவு ரொம்பக் குறைந்த அந்தச் சமுதாயம்தான் சாட்சி சொன்னது. அந்தச் சாட்சிதான் ஜெயித்தது.

சட்டம் என்ன சொல்லுது

இதைப் படித்தபோது எனக்குத் தெரிந்த புது விஷயத்தை உங்களுக்கும் சொல்கிறேன். வன உரிமைச் சட்டத்தின் விதிகளில், எதையெல்லாம் ஆதாரமாகக் காட்டலாம் என்று பட்டியல் இருக்கிறது. அதில் அரசாங்கப் பேப்பர் மட்டும் இல்லை. பழைய கிணறு, சுடுகாடு, சாமி கும்பிடும் இடம் எல்லாம் ஆதாரம். ஊரில் உள்ள பெரியவர்கள் சொல்லி, அதை எழுத்தில் பதிந்தால் அதுவும் ஆதாரம். அதாவது ஒரு ஆயாவின் வார்த்தை ஆதாரம்.

இன்னொன்று. அந்தச் சட்டத்தில் உரிமைப் பட்டா கணவன், மனைவி இரண்டு பேர் பெயரிலும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதற்கான குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும்.

அந்தச் சட்டம் வன நிலத்துக்குத்தான். எங்க ஊர் ஏரிக்கரைக்கு அது செல்லாது என்று எனக்குத் தெரியும். ஆனா கிராம சபை எல்லா ஊராட்சிக்கும் உண்டு. சபையில் பேசினால் அது பதிவாகும்.

1992 ஜூன் மாதம்

நம்ம தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு சாட்சி உண்டு. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை சோதனை என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் போனார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். அந்தப் பெண்கள் அரசு ஆட்களை எதிரில் நின்று கை காட்டி அடையாளம் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023-ல் அதே செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம் அந்தப் பெண்கள் சொன்ன சொல் மாறவில்லை.

அதே 1992 ஜூன் 3-ல் ஆஸ்திரேலியாவிலும் ஒரு தீர்ப்பு வந்தது. எடி மாபோ என்பவர் அங்கே மேர் என்ற சின்னத் தீவின் பூர்வகுடி. பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்தவர். உங்கள் குடும்ப நிலம் சட்டப்படி உங்களுடையது இல்லை, அரசாங்கத்துடையது என்று அங்கேதான் அவருக்குத் தெரிய வந்தது. 1982-ல் இன்னும் நான்கு பேரோடு சேர்ந்து வழக்குப் போட்டார். யாருடைய தோட்டம் எங்கே முடிகிறது, யாருடையது எங்கே தொடங்குகிறது என்று தீவு மக்கள் கோர்ட்டில் சொன்னார்கள். வெள்ளைக்காரர் வருவதற்கு முன்னால் அந்த நாட்டு நிலம் யாருக்கும் சொந்தம் இல்லை என்ற பழைய பேச்சை நீதிமன்றம் தள்ளிவிட்டது. தீர்ப்பு வருவதற்குச் சில மாதம் முன்னால் மாபோ இறந்துபோனார். ஆனால் வழக்கு ஜெயித்தது.

ஒரு நாற்பது பக்க நோட்டு

இதெல்லாம் படிச்ச பிறகு சும்மா இருக்க முடியல. அம்மா வீட்டுக்குப் போனப்போ ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிட்டு ஆயாவைப் பார்க்கப் போனேன். இப்போ கண்ணு சரியா தெரியல, ஆனா ஞாபகம் தெளிவா இருக்கு. வேப்பமரத்தை யார் வச்சது, ஏழு கல்லும் எங்கிருந்து வந்துச்சு, எந்த வருஷ வெள்ளத்துல எந்தக் கல்லு சாஞ்சுச்சு, யாரைப் புதைச்ச இடம் எது, எல்லாம் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில கைநாட்டு வாங்கினேன். நான் அன்னைக்குப் படிக்காம கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். ஆயா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இப்ப எழுதினதையாவது ஒருவாட்டி படிச்சுக் காட்டு"ன்னு சொல்லுச்சு. படிச்சுக் காட்டினேன். ரெண்டு இடத்துல தப்புன்னு திருத்துச்சு.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அந்த நோட்டோட போனோம். நான் இப்போ அந்த ஊர் ஓட்டர் இல்ல. அதனால எங்க அம்மாதான் எழுந்து பேசினாங்க. வாழ்நாள்ல முதல் தடவை. கை நடுங்குச்சு. வேப்பமரத்துக்குப் போக வேலியில ஒரு வழி விடணும்னு கேட்டாங்க. தீர்மானம் எழுதினாங்க. எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுதான் அம்மா கையெழுத்துப் போட்டாங்க. இதை எழுதுற நாள் வரைக்கும் வேலி அப்படியேதான் இருக்கு. ஜனவரி 26-க்கு மறுபடியும் போவோம்.

சகோதரிகளே, சேக்காடு இப்போ ஆவடி மாநகராட்சியில இருக்கு. நமக்கு கிராம சபை இல்ல, பகுதி சபைதான். அதுக்கும் போகணும். நம்ம குழுவுல தீர்மான நோட்டு எழுதறோம், ஒவ்வொரு வாரமும் வாசிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போடறோம்? அந்தப் பழக்கத்தை வெளியேயும் கொண்டு போனா போதும். படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. உங்க தெருவுல வயசான ஒருத்தர் இருந்தா, ஏரி எதுவரைக்கும் இருந்துச்சு, மந்தைவெளி எங்க இருந்துச்சு, எல்லைச் சாமி எங்க நின்னுச்சுன்னு கேட்டு எழுதி வையுங்க. எழுதினதை அவங்களுக்கு ஒருவாட்டி படிச்சுக் காட்டிடுங்க.